மூக்கன் வீட்டுப் பெட்ரோல் வாடை

கோவென்ட்ரியில் டைல் ஹில் பக்கம் நாலு நாளாக ஆலங்கட்டியும் வெயிலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. ஏப்ரல் மாதத்துக்கு அங்கே வேறு வேலை கிடையாது. கால் மணி நேரம் கூரையில் கல்லாகப் பொழியும். உடனே, நானா செய்தேன் என்கிற மாதிரி வெயில் காயும். வெயில் காய்ந்தால் கராஜின் தகரக் கூரை சூடேறும். அது சூடேறினால் கெய்னருக்கு அந்த வாடை வரும்.

பெட்ரோல் வாடைதான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சமையலறைக்கும் கராஜுக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் சுவரில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர். அதன் வயிற்றில் இருபத்து நாலு மணி நேரமும் ஒரு சின்ன நீலச் சுடர். கதவுக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய பழைய கார், மஞ்சள்காரி. எழுபத்து நாலில் பிறந்தவள், இரண்டே இருக்கை, துணிக் கூரை, நீண்ட மூக்கு. குளிர்காலம் முழுக்கப் போர்வைக்குள் கிடந்ததில் அவளுடைய பெட்ரோல் முள் செத்துப்போனது. போன வாரம்தான் அவள் புருஷன் நெவில் தொட்டியைப் பிரித்து, முள்ளுக்கு அளவு சொல்லும் மிதவையையும், அது உட்காரும் ரப்பர் வளையத்தையும், பெட்ரோல் ஊற்றும் வாய்க் குழாயையும் மாற்றி, தொட்டி நிறையப் பெட்ரோலும் ஊற்றிவைத்திருந்தான். வருகிற ஞாயிறு பழைய வண்டிக்காரர்களின் முதல் ஓட்டம்.

"நெவ், வருது பாரு. இப்ப வருது."

நெவில் பாதி தின்ற ரொட்டியை வைத்துவிட்டு எழுந்து போனான். அறுபத்தெட்டு வயதில் முழங்காலை மடக்குவது லேசில்லை, ஆனாலும் மடக்கினான். டிக்கிக்குள் தலையை விட்டு, இரண்டு முறை ஆழமாக இழுத்தான். தொட்டியைச் சுற்றி விரலால் தடவி, விரலை வெளிச்சத்தில் காட்டினான்.

"பொட்டுக்கூட ஈரமில்ல. ஒண்ணும் வரல கண்ணு. அன்னிக்கு வடிச்சப்போ தரையில சிந்தினது உன் மூக்குல ஒட்டிக்கிட்டிருக்கு, அவ்வளவுதான்."

இதற்கு மேல் அவள் என்ன பேச முடியும்? சொன்னது யார், மூக்கன் அல்லவா!

அந்தக் காலத்தில் வேலை பார்த்த கார் தொழிற்சாலையில் நெவில் ஹேண்ட்லிக்கு வைத்த பேர் மூக்கன். முகத்தில் பாதி இடத்தை மூக்கே எடுத்துக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் பேர் அதனால் வரவில்லை. லைனில் வண்டிக்கு வண்டி பெட்ரோல் தொட்டி ஏற்றுவது அவன் வேலை. ஏற்றி முடித்து அடுத்த ஆள் கைக்குப் போகுமுன், ஒவ்வொரு இணைப்பிலும் மூக்கை வைத்து ஒரு சுற்று வருவான். யாரும் அவனை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வாடை தட்டினால் லைனை நிறுத்தச் சொல்லிக் கத்துவான். ஃபோர்மன் வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டு ஓடி வருவான். திருகிப் பார்த்தால் ஏதாவது ஒரு கிளிப் அரைச் சுற்றுத் தளர்ந்திருக்கும். ஏழு வருஷத்தில் ஒருதரம்கூட அவன் மூக்கு பொய் சொன்னதில்லை. சும்மா சொல்லக் கூடாது, அந்த மூக்கால் உயிர் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று அவர்களுக்கே தெரியாது.

கெய்னர் அதே தொழிற்சாலையில் இருக்கை தைத்தவள். பதினோரு வருஷம் பசை நெடியில் உட்கார்ந்து தன் மூக்கு செத்துவிட்டது என்று அவளே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். செத்த மூக்குக்கு வருகிற வாடை மூக்கனுக்கு வரவில்லை என்றால், கோளாறு வண்டியில் இருக்க முடியாது. அப்படியென்றால் எங்கே இருக்கிறது?

அவள் அம்மாவுக்கும் வாடையில்தான் தொடங்கியது. "ரொட்டி கருகுது, பாருங்கடி" என்பாள். அடுப்பே எரியாது. பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள், கெய்னரும் சிரித்தாள். ஐந்து மாதம் கழித்து டாக்டர் மூளையில் இருந்த கட்டியைப் படம் எடுத்துக் காட்டினார். அம்மா போனபோது வயது அறுபத்தேழு. கெய்னருக்கு அறுபத்தாறு முடிந்து இரண்டு மாதம்.

நெவிலிடம் அவள் மூச்சு விடவில்லை. கிளினிக்குக்கு ஃபோன் போட்டு வெள்ளிக்கிழமை பத்து இருபதுக்கு நேரம் வாங்கினாள். டாக்டர் கேட்டால் சொல்ல வேண்டும் என்று, வாடை வந்த நாளையும் மணியையும் ஒரு அட்டையில் குறித்துவைத்தாள். அட்டையை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல உருளைக்கிழங்கு சீவினாள்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு மழை விட்டு வெயில் வந்தது. கெய்னர் பன்றிக்கறியைப் பொரித்து, பேட்ச் என்று அந்த ஊரில் சொல்லும் உருண்டை ரொட்டிக்கு நடுவில் வைத்து, பழுப்பு சாஸ் ஊற்றி எடுத்துக்கொண்டு கராஜ் கதவைத் திறந்தாள். திறந்ததுமே குப்பென்று வந்தது வாடை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

நெவில் கதவுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்து பழைய மிதவையைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருந்தான். புதியது போட்ட பிறகும் பழையதைத் தூக்கி எறிய அவனுக்கு மனசு வராது. பக்கத்துப் பலகையில் இரண்டு வான நீல மக்குகள். கோவென்ட்ரி கால்பந்துக் குழுவின் யானை போட்ட ஜோடி. ஒன்றில் ஒன்பது மணிக்கு அவள் கொடுத்த டீ, பாதி குடித்து ஆறிப்போனது. இன்னொன்றில், தொட்டியிலிருந்து வடித்த பெட்ரோல். திருகுகள் ஊறித் துரு கலங்கி அதுவும் டீ நிறத்தில்தான் இருந்தது.

கண்ணை வேலையிலிருந்து எடுக்காமல் நெவில் கையைப் பின்னால் நீட்டினான். மக்கை எடுத்தான். வாய்க்குக் கொண்டுபோனான்.

"நெவ்! அது டீ இல்ல!"

அவள் கத்தியதும் அவன் வாய் வைத்ததும் ஒன்றாக நடந்தது. தட்டு கீழே விழுந்து ரொட்டி உருண்டது. நெவில் துப்பினான், இருமினான், மறுபடி துப்பினான். கெய்னர் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்து அவன் வாயை அதன் கீழே பிடித்தாள்.

"முழுங்கினியா? உண்மையைச் சொல்லு, முழுங்கினியா?"

"இல்ல... இல்லடி. நாக்கு எரிஞ்சிச்சு, துப்பிட்டேன்."

"நாக்கு எரிஞ்ச பிறகா தெரிஞ்சுது? மூக்குக்குக் கீழ கொண்டுபோனியே, அப்பத் தெரியலையா?"

நெவில் கையால் வாயைத் துடைத்தான். குழாயை மூடினான். பிறகு அது சரியாக மூடியிருக்கிறதா என்று இன்னொருதரம் திருகினான். நாற்பத்து மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்தவளுக்கு அந்த இரண்டாவது திருகு போதும்.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

"அந்தக் காய்ச்சல் வந்துச்சே, எல்லாரும் வீட்டுக்குள்ள கிடந்தோமே. அதுலேர்ந்து."

"ரெண்டு வருஷமாவா?"

"வந்துரும்னு நெனச்சேன். கொஞ்ச நாள்ல வந்துரும்னு சொன்னாங்க."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே நீ!"

"என்னன்னு சொல்றது? மூக்கனுக்கு மூக்கு போச்சுன்னா? ஞாயித்துக்கிழமை அந்தப் பயலுக காதுல விழுந்தா பிழைக்க விடுவாங்களா? ஆளாளுக்குப் பேர் வைப்பானுங்க."

கெய்னருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் வந்த கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"அப்போ என் சமையல்? கிறிஸ்துமஸுக்கு வாத்தைக் கருக்கி வெச்சேன். கரி. நாயும் தொடாது. நீ ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னே. 'இந்த வருஷம்தான் சரியான பதம்'னு சொன்னே!"

"பார்க்க நல்லாத்தானே இருந்துச்சு."

"பார்க்கவா! அடப்பாவி! நான் அதே மாதிரிதான் ஈஸ்டருக்கும் செஞ்சேன்!"

நெவிலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவளுக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்து ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அது சிரிப்பில்லை என்று அவனுக்குத் தெரிய ஒரு நிமிஷம் ஆனது.

"ஏய், என்ன? வாத்துக்கா அழறே?"

அவள் ஏப்ரன் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் போட்டாள்.

நெவில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். ஒரு பக்கத்தில் கிளினிக் பேர், வெள்ளி, 10.20. திருப்பினான். அவளுடைய குண்டு குண்டுக் கையெழுத்து.

ஞாயிறு 1.15, வெயில். திங்கள் 11.10, வெயில். திங்கள் 3.40, வெயில். செவ்வாய் காலை இல்லை, மழை. செவ்வாய் 2.30, வெயில்.

அதற்குக் கீழே ஒரு வரி. அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

அவன் அந்தக் கடைசி வரியை இரண்டுதரம் படித்தான். தன் ஜம்பத்துக்காகத் தான் சொன்ன "ஒண்ணும் வரல" ஒவ்வொன்றும் இவள் தலையில் எங்கே போய் விழுந்திருக்கிறது என்று அவனுக்கு இப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. போகவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

"உனக்கு ஒண்ணும் இல்ல கெய்ன். கேளு, உன் தலையில ஒண்ணுமே இல்ல."

"அதை நீ சொல்ல வேண்டாம். என் தலையில ஒண்ணும் இல்லன்னு எங்க அம்மா காலத்துலேர்ந்து எல்லாரும் சொல்றாங்க."

"விளையாடாதே. இதைப் பாரு. வெயில், வெயில், வெயில். மழையா இருந்தா இல்ல. நான் தினம் சாயங்காலம் குளிர்ந்த பிறகு வேற தடவித் தடவிப் பார்த்திருக்கேன். கூரை காஞ்சா தொட்டி சூடாகும். உள்ள ஆவி முட்டும். ரப்பர் வழியாக் கசியும். கசிஞ்சது விரல் வைக்கறதுக்குள்ள பறந்துரும். மூணு நாளா நீ சரியா எழுதி வெச்சிருக்கே. லைன்ல எங்க ஃபோர்மன்கூட இப்படிக் கணக்கா எழுதினதில்ல."

பிறகு அவன் கண் சுவர்ப் பக்கம் போனது. பாய்லர். உள்ளே அந்த நீலச் சுடர்.

"ஐயோ," என்றான்.

அதற்குள் கெய்னர் எழுந்து போய்ப் பாய்லரை அணைத்திருந்தாள். சும்மாவா, ரெண்டு நிமிஷத்துக்கு முன்னால் அழுதவள்!

இருவருமாக வண்டியை வெளியே தள்ளினார்கள். அவன் கதவு ஓரத்தில் தோளைக் கொடுத்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான், அவள் பின்னால். மஞ்சள்காரி எடை ஒன்றும் அதிகமில்லை. ஆனால் வாசல் மேட்டில் ஏற மறுத்தாள். "தள்ளு" என்றான் அவன். "தள்ளிட்டுத்தானே இருக்கேன், நீ தொங்காம இரு" என்றாள் இவள். மூன்றாவது உந்தலில் ஏறினாள். முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

நெவில் டிக்கியின் உட்பலகையைக் கழற்றினான். இருக்கைக்குப் பின்னால் முதுகை நிமிர்த்தி நின்றது தொட்டி.

"வா," என்றான். "நீதான் பார்க்கணும்."

"நானா?"

"வேற யாரு இருக்கா இங்க மூக்கோட?"

கெய்னர் தலைமுடியை முடிந்துகொண்டு டிக்கிக்குள் குனிந்தாள். அவன் சொல்லிக்கொண்டே வந்தான். "மேலேர்ந்து வா. வாய்க் குழாய். கிளிப்புக்குக் கிளிப்பு நில்லு. வேகமா இழுக்காதே, கொஞ்சம் கொஞ்சமா, நாய் மாதிரி. வெளிய வந்து நல்ல காத்து வாங்கிட்டு மறுபடி போ. இல்லன்னா மூக்கு மரத்துப்போகும்." லைனில் ஏழு வருஷம் அவன் இதைச் செய்தபோது எவனுக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. கேட்டவனும் இல்லை.

வாய்க் குழாயில் லேசாக இருந்தது. மேல் மூலையில் இல்லை. அடிக் குழாயில் இல்லவே இல்லை. அவள் பக்கவாட்டில் மிதவை உட்கார்ந்திருக்கும் வட்டத்துக்கு வந்ததும் தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இங்கதான். அம்மாடி! இங்கதான் நெவ்!"

"அங்க இருக்காது. அது நம்ம சாமான். தொழிற்சாலைச் சாமான்."

"உன் மூக்கு சொல்லுதா, என் மூக்கு சொல்லுதா?"

அவன் ஸ்பானரை எடுத்தான்.

தொழிற்சாலையை மூடிய வருஷம் ஆளாளுக்குக் கையில் கிடைத்ததை டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தார்கள். நெவில் வீட்டு அலமாரியில் இன்னும் பதினாறு பிஸ்கட் டப்பா இருக்கிறது. ரப்பர் வளையங்கள் மெழுகுத்தாள் உறையில், மாவு தூவி, எண் குத்தி, நேற்றுச் செய்த மாதிரி. கடையில் விற்பதெல்லாம் சூயிங்கம், இதுதான் ரப்பர் என்பது அவன் வேதம். அந்த ஊரில் அவன் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அதே வேதம்தான்.

பேட்டரி வயரைக் கழற்றினான். தொட்டியைக் கேனில் வடித்தான். இரும்புச் சுத்தி பட்டால் பொறி பறக்கும் என்பதால் பித்தளைத் துண்டை வைத்து, மரச் சுத்தியால் பூட்டு வளையத்தைத் தட்டினான். டொக், டொக், டொக். அவசரமே இல்லாத தட்டு. ஒவ்வொன்றும் அதே இடத்தில் விழுந்தது. கெய்னர் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தக் கையைப் பார்த்துத்தான் இருபத்து மூன்று வயதில் மயங்கினாள். மூக்கைப் பார்த்து யார் மயங்குவார்கள்? கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் கை கைதான் என்று ஒப்புக்கொண்டாள்.

வளையம் திரும்பியது. மிதவையை உருவியதும் ரப்பர் கூடவே வரவில்லை. பாகு மாதிரி நூல் விட்டது. ஒரு பக்கம் ஊதி, ஒரு பக்கம் பிளந்து, தொட்டால் விரலில் கருப்பாக ஒட்டியது.

"நாலு நாள்," என்றான் நெவில். "நாப்பது வருஷம் வெச்சிருந்தேன் இதை."

கெய்னர் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். ஃபோல்ஸ்ஹில் ரோட்டில் ஹர்ஜிந்தர் பெயின்ஸின் உதிரிபாகக் கடை. ஹர்ஜிந்தரின் அப்பா வார்ப்புப் பட்டறையில் வேலை பார்த்தவர். கடையைத் தொடங்கியதும் அவர்தான். இப்போது மகள் ஹர்ஜிந்தர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"ஆன்ட்டி, இது அங்கிளோட பிஸ்கட் டப்பா ரப்பர்தானே?"

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"வாரத்துக்கு ரெண்டு பேர் கொண்டுவராங்க. எல்லாம் உங்க தொழிற்சாலை ஆளுங்கதான். இப்பப் பெட்ரோல்ல சாராயம் கலக்குறாங்க ஆன்ட்டி. புது ரப்பர் அதைத் தாங்கும். பழைய ரப்பர் குடிச்சிட்டு ஊதிப்போயிடும். மேல பார்க்க நல்லாத்தான் இருக்கும்."

"எங்க வீட்டு வாத்து மாதிரி," என்றாள் கெய்னர்.

"என்ன ஆன்ட்டி?"

"ஒண்ணுமில்ல. வளையம் ரெண்டு கொடு. வாய்க் குழாயும் கொடு, அதுவும் அந்த டப்பாலேர்ந்து வந்ததுதான். கிளிப்பு புதுசா."

"அங்கிள் எங்க சாமானைத் தொடமாட்டாரே. சூயிங்கம்னு சொல்வாராமே, எங்க அப்பா சொல்லுவாரு."

"இன்னிக்கு மெல்லுவாரு. நான் பார்த்துக்கறேன்."

மெல்லத்தான் செய்தான். புதிய வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், வளைத்துப் பார்த்தான், பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்தி அவளிடம் நீட்டினான். அவள் முகர்ந்தாள். "புது செருப்பு மாதிரி இருக்கு. நல்லாயிருக்கு" என்றாள். தொட்டியின் விளிம்பை வழித்து, துணியால் மூன்று முறை துடைத்து, வளையத்தைப் பதித்தான். மிதவையை நுழைத்தான். தண்டு வளையாமல், மிதவை அடியில் இடிக்காமல், கண்ணை மூடிக்கொண்டு விரலால் பார்த்தே உட்கார்த்தினான். பித்தளைத் துண்டு. டொக், டொக், டொக். வாய்க் குழாயைச் செருகி, கிளிப்புகளை இறுக்கினான். கேனிலிருந்து பெட்ரோல் திரும்பத் தொட்டிக்குப் போனது. மணி நாலு. வெயில் தொட்டி மேலேயே நேராக விழுந்தது. அரை மணி நேரம் காய விட்டார்கள்.

அந்த அரை மணியும் அவன் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஸ்பானரைத் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான்.

"இப்பப் பாரு," என்றான் கடைசியில்.

அவள் குனிந்தாள். மேலிருந்து வந்தாள். கிளிப்புக்குக் கிளிப்பு நின்றாள். வெளியே வந்து காற்று வாங்கினாள். மறுபடி போனாள். வட்டத்தில் மூக்கை வைத்து ரொம்ப நேரம் இருந்தாள். வேண்டுமென்றேதான் இருந்தாள், இரண்டு வருஷத்துக்கு அது சின்னத் தண்டனை.

"சொல்லேன்!"

"இரு. ரப்பர் வாசனை. உன் ஸ்வெட்டர், அதைத் தோய்க்கணும். கம்பளத்துல பூஞ்சை. பக்கத்து வீட்டுல வெங்காயம் வதங்குது. மழை விட்ட மண்ணு."

"பெட்ரோல்?"

"இல்ல."

"நல்லாப் பார்த்தியா?"

கெய்னர் நிமிர்ந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "ஒண்ணும் வரல கண்ணு" என்றாள், அவன் சொன்ன அதே ராகத்தில்.

நெவிலின் மூக்கு நன்றாகவே உடைபட்டது. சரிதான் என்று தலையை ஆட்டிக்கொண்டு பேட்டரியை மாட்டினான். சாவியைத் திருப்பினான். செத்துக்கிடந்த முள் மெல்ல எழுந்து, முக்காலைத் தாண்டி நின்றது. மஞ்சள்காரி இரண்டு முறை செருமிவிட்டுப் பிடித்துக்கொண்டாள். புகை கொஞ்சம் வந்தது, அது எப்போதும் வருவதுதான். கெய்னர் பின்னால் போய் இன்னொருதரம் முகர்ந்துவிட்டு, கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! லைனில் முதல் சம்பளம் வாங்கியவன் முகம்.

இருட்டுமுன் அவள் கிளினிக்குக்கு ஃபோன் போட்டாள். நெவில் மேசையில் உட்கார்ந்து, கீழே விழுந்த பேட்ச் ரொட்டியைத் தட்டிவிட்டுத் தின்றுகொண்டிருந்தான். சாஸ் ருசி தெரிந்ததோ என்னவோ, இந்தத் தடவை அருமை என்று சொல்லவில்லை.

"கெய்னர் ஹேண்ட்லி பேசறேன். வெள்ளிக்கிழமை பத்து இருபது. எனக்கு வேண்டாம்."

"என்னம்மா, சரியாப் போச்சா?" என்றது அந்தப் பக்கம் ஒரு பெண் குரல்.

"கெட்டாத்தானே சரியாகறதுக்கு! என் மூக்கு நல்லாவே இருக்கு. கெட்டது எங்க வீட்டு மூக்கனோட மூக்கு. ரெண்டு வருஷமாச்சு, வாயே திறக்கல மனுஷன்."

"அப்படின்னா அந்த நேரத்துக்கு அவரை எழுதிக்கட்டுமா?"

கெய்னர் திரும்பிப் பார்த்தாள். நெவில் ரொட்டியோடு கையை ஆட்டினான். வேண்டாம், வேண்டவே வேண்டாம். ஆட்டிய கை மேசையில் கிடந்த அட்டையில் பட்டது. அட்டை எழுத்துப் பக்கமாகக் கிடந்தது. ஞாயிறு வெயில், திங்கள் வெயில். கீழே அந்தக் கடைசி வரி.

அவன் கையை இறக்கினான். ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"எழுதிக்கச் சொல்லு," என்றான். பிறகு, ஃபோனுக்கே கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினான். "வண்டி நிறுத்த இடம் இருக்கான்னு கேளு. மஞ்சள்காரியிலதான் வருவோம். இவ முகர்ந்து பார்த்து சரின்னு சொன்னாத்தான்."